மூக்கால் வாங்க வேண்டிய செடி

கல்யாண வரவேற்பில் மேடையேற வரிசையில் நிற்பவர்களைக் கவனித்தால் தெரியும். கையில் இருக்கும் பூங்கொத்தை யாராவது ஒருவர் மூக்கருகே கொண்டுபோவார். உடனே ஒன்றும் நடக்காததுபோல் இறக்கிக்கொள்வார். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடிலில் விளைந்த ரோஜா அது. நீண்ட தண்டு, கச்சிதமான மொட்டு, நாள்கணக்கில் வாடாத இதழ். மணம் மட்டும் கிடையாது. மண்டபத்துக்கு வெளியே பூக்காரம்மா கூடையில் குவித்து வைத்திருக்கும் பன்னீர் ரோஜாவுக்கு இந்த அழகு எதுவும் இல்லை. காம்பு குட்டை, இதழ்கள் கலைந்து கிடக்கும், மறுநாளைக்குத் தாங்காது. ஆனால் கூடையைப் பார்ப்பதற்கு முன்பே அது இருப்பது தெரிந்துவிடும்.

இந்த வேறுபாட்டுக்கு நம் வீடுகளில் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது: "மருந்தடிச்சு, உரம் போட்டு வளர்க்கிறாங்க, அதான் வாசனை இல்ல." இதன் மறுபக்கமாக இன்னொரு நம்பிக்கையும் உண்டு. தொழு உரமும் பஞ்சகவ்யமும் மட்டும் கொடுத்து வளர்த்தால் எந்த ரோஜாவும் மணக்கும் என்று மாடித் தோட்டக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். நடக்காது. பூங்கொத்து ரோஜாவின் செடியைக் கொண்டுவந்து எவ்வளவு சீராட்டினாலும் அது மணக்காமல்தான் பூக்கும். பன்னீர் ரோஜாவுக்கு யூரியாவே வைத்தாலும் அது மணந்துகொண்டுதான் இருக்கும். ரோஜாவின் மணம், செடியை நர்சரியிலிருந்து எடுத்து வரும் அன்றே பெருமளவு முடிவாகிவிடுகிறது. அதன்பின் வளர்ப்பவர் செய்யக்கூடியது, அந்த மணம் வெளிவர இடைஞ்சல் செய்யாமல் இருப்பது.

பிரான்சில் செயின்ட் எட்டியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில்வி போதினோவும் சகாக்களும் 2015-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. அவர்கள் இரண்டு சிவப்பு ரோஜாக்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே நிறுவனம் உருவாக்கிய ரகங்கள். 'பாப்பா மெய்யான்' மணத்துக்குப் பேர்போனது. 'ரூஜ் மெய்யான்' ஏறக்குறைய மணமற்றது. இரண்டின் இதழ்களிலும் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று ஒப்பிட்டபோது, மணக்கும் ரோஜாவில் ஒரு மரபணு மிகத் தீவிரமாக இயங்குவதும், மற்றதில் அது அடங்கிக் கிடப்பதும் தெரிந்தது. விந்தை என்னவென்றால், அந்த மரபணு உண்டாக்கும் நொதி மணத்தோடு சம்பந்தப்பட்டதாக அதுவரை யாரும் நினைத்ததில்லை. 'நியூடிக்ஸ்' எனப்படும் அந்த நொதிக் குடும்பம் பாக்டீரியா முதல் மனிதன் வரை எல்லா உயிர்களிலும் உண்டு. செல்லுக்குள் சேரும் பழுதான மூலக்கூறுகளைக் கழிப்பது போன்ற துப்புரவு வேலைகளுக்குத்தான் அது அறியப்பட்டிருந்தது. ரோஜா அந்தத் துப்புரவுப் பணியாளரை வாசனைத் தொழிற்சாலைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது.

ரோஜா மணத்தின் அடிப்படை ஜெரானியால் என்ற பொருள். மற்றப் பல செடிகளில் இந்த வகை வாசனைப் பொருள், பசுங்கணிகம் போன்ற செல் உறுப்புகளுக்குள், வேறு வகை நொதிகளால் தயாராகிறது. ரோஜாவில் அது செல்லின் திரவப் பகுதியிலேயே நடக்கிறது. பத்து கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு மூலக்கூறில் இரண்டு பாஸ்பேட்டுகள் ஒட்டியிருக்கும். நியூடிக்ஸ் ஒன்றைக் கழற்றுகிறது, இன்னொரு நொதி மற்றதைக் கழற்றுகிறது. மிஞ்சுவது ஜெரானியால். அந்த ஜெரானியாலிலிருந்துதான் சிட்ரோனெல்லால், நெரால் முதலியவை கிளைக்கின்றன. "ரோஜா வாசனை" என்று நாம் உடனே அடையாளம் காணும் வாசனையின் முதுகெலும்பு இவை.

இந்த நொதி இயங்காத ரகத்துக்கு என்ன உரம் வைத்தாலும் ஜெரானியால் வராது. உரம் கச்சாப் பொருளைத்தான் தரும். இல்லாத இயந்திரத்தைத் தராது.

ஜெரானியால் ரோஜாவுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. பால்மரோசா என்ற புல்லின் எண்ணெயில் அது ஏராளம். இந்தியாவிலிருந்து போன அந்தப் புல் எண்ணெயை விலை உயர்ந்த ரோஜா எண்ணெயில் கலப்படம் செய்தது வாசனைத் திரவிய வணிகத்தின் பழைய கதை. கலப்படம் எடுபட்டதற்குக் காரணம் மூலக்கூறு ஒன்றே என்பதுதான். ஆனால் தேர்ந்த மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ரோஜாவின் வாசனையில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன. சிலவற்றின் அளவு மிகச் சொற்பம், ஆதிக்கமோ மிகப் பெரிது. பல்கேரிய ரோஜா எண்ணெயிலிருந்து 1970-ல் கண்டறியப்பட்ட டமாஸ்செனோன் அப்படிப்பட்டது. எண்ணெயில் அதன் பங்கு சுமார் 0.14 சதவீதம்தான். ஆனால் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் வெகு குறைவாகத் தண்ணீரில் கலந்திருந்தாலே மனித மூக்கு அதை உணர்ந்துவிடும் என்பதால், எண்ணெயின் மணத்தைத் தீர்மானிப்பதில் அதற்கு முதல் வரிசை இடம்.

இன்னொரு முக்கியமான பொருள் ஃபினைல் எத்தில் ஆல்கஹால். ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செடி இதைத் தயாரிக்கிறது. மென்மையான, தேன் கலந்தாற்போன்ற வாசனை. இது தண்ணீரில் ஓரளவு நன்றாகவே கரையும், லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம். அதனால் பூவை வாலையில் வடிக்கும்போது இதன் பெரும்பகுதி எண்ணெயோடு மிதக்காமல் தண்ணீரோடு தங்கிவிடுகிறது. கல்யாண வீட்டு வாசலில் நம்மேல் தெளிக்கும் பன்னீரின் வாசனையும் ரோஜா எண்ணெயின் வாசனையும் வேறுவேறாக இருப்பதற்கு இது ஒரு காரணம். டமாஸ்செனோனின் பெரும்பகுதி பூவில் சர்க்கரையோடு பிணைந்து மணமில்லாமல் கிடந்து, வாலையின் சூட்டில்தான் விடுபடுகிறது என்பது இன்னொன்று. ஆக, செடியில் இருக்கும் பூ, பன்னீர், அத்தர் மூன்றும் மூன்று வாசனை.

இந்தப் பொருள்கள் எல்லாம் இதழின் மேல்தோல் செல்களில் உருவாகின்றன. காட்டு ரோஜாவுக்குப் பொதுவாக ஐந்தே இதழ்கள். நம் தோட்டத்து அடுக்கு ரோஜாவில் இருக்கும் இதழ்களில் பல, மகரந்தத் தாள்களாக வளர வேண்டியவை. ஒரு மரபணு இயங்கும் எல்லை சுருங்கியதால் இதழாகிவிட்டன. ரோஜா இனங்கள் பெரும்பாலும் தேன் சுரப்பதில்லை. தேனீ மகரந்தத்துக்காகத்தான் வருகிறது. மகரந்தத்தையும் இதழாக்கிவிட்டு, வாசனையை மட்டும் பெருக்கி வைத்திருக்கும் அடுக்கு ரோஜா, தேனீக்கு ஒரு மோசடி விளம்பரம்.

மணமுள்ள செடியை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதற்கு ரோஜாவின் குலக்கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

மணத்தின் பெருங்குடி டமாஸ்க் ரோஜா. பல்கேரியாவின் கசன்லிக் பள்ளத்தாக்கில் எண்ணெய்க்காக வளர்ப்பது இதைத்தான். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். கன்னோஜ் அத்தர்க்காரர்களின் செப்புப் பானையில் போவதும் இந்த இனம்தான். 2000-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் டி.என்.ஏ.வைப் பரிசோதித்து, மூன்று வெவ்வேறு இனங்கள் கலந்து பிறந்தது இது என்று காட்டினார்கள். அதில் ஒன்று மத்திய ஆசியாவின் காட்டு ரோஜா. ஆனால் எண்ணெய்க்கு வளர்க்கும் டமாஸ்க், ஆண்டுக்கு ஒரு பருவம்தான் பூக்கும். பனிக்காலக் குளிரைத் தாங்கி, வசந்தத்தில் சில வாரங்கள் பூத்து ஓய்ந்துவிடும்.

வருடம் முழுக்கப் பூக்கும் குணம் சீனாவிலிருந்து வந்தது. பூப்பதைத் தடுத்து வைக்கும் ஒரு மரபணுவுக்குள் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று எப்போதோ புகுந்துகொண்டது. பிரேக் பழுதாகிவிட்டது, செடி நிற்காமல் பூக்கிறது. சீனத் தோட்டக்காரர்கள் அந்தப் பழுதை நூற்றாண்டுகளாகப் போற்றி வளர்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் 'ஓல்டு பிளஷ்' போன்ற சீன ரோஜாக்கள் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. 2018-ல் ரோஜாவின் முழு மரபணுத் தொகுதியைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தலைமையில் வாசித்தபோது எடுத்துக்கொண்டதும் இந்த 'ஓல்டு பிளஷ்'தான். சீன ரோஜாக்களின் வாசனை வேறு மாதிரி. டைமெத்தாக்சி டொலுயின் என்ற பொருளால், புதிதாகப் பிரித்த தேயிலைப் பொட்டலத்தை நினைவூட்டும் மென்மணம். நமக்குப் பழக்கமான பன்னீர் மணம் அதில் இல்லை.

இந்த இரு குடிகளும் இந்தியப் பெருங்கடலில் சந்தித்தன. ரீயூனியன் தீவில், அப்போதைய பெயர் பூர்போன், விவசாயிகள் வேலியாக டமாஸ்க்கையும் சீன ரோஜாவையும் சேர்த்து நட்டிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் கலப்பில் தானாகப் பிறந்த ஒரு செடிதான் 'ரோஸ் எட்வார்'. தமிழ்நாட்டு உதிரிப்பூ விவசாயத்தில் இன்றும் எட்வர்ட் ரோஜா என்று வழங்குவது இதுவே. டமாஸ்க்கின் மணமும் சீனத்தின் ஓயாத பூப்பும் ஒரே செடியில். அதுவும் வெப்பத் தீவில் பிறந்தது என்பதால் நம் சமவெளி வெயில் அதற்குப் பழகின வெயில். நர்சரிக்காரர்கள் 'பன்னீர் ரோஜா' என்று சொல்லி விற்பது ஒரே செடியாக இருப்பதில்லை. சிலர் எட்வர்டைத் தருவார்கள், சிலர் டமாஸ்க் வழிவந்த வேறொன்றை. எதுவானாலும் அந்தக் குடும்பம்தான்.

இதற்குப் பின் ஐரோப்பிய ரோஜாக் கலப்பாளர்கள் வேகமெடுத்தார்கள். 1867-ல் லியோன் நகரத்தின் கிய்யோ அறிமுகப்படுத்திய 'லா பிரான்ஸ்' முதல் 'ஹைபிரிட் டீ' ரோஜாவாகக் கருதப்படுகிறது. அது மணமுள்ளது. 1900-ல் அதே ஊரின் பெர்னே-துஷே, பாரசீக மஞ்சள் ரோஜாவின் வழியில் தங்க மஞ்சளைக் கொண்டுவந்தார். அந்த மஞ்சளோடு கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆட்படும் குணமும் கூடவே வந்தது. தாவரவியலில் அந்தப் பாரசீக மூதாதைக்கு வைத்த பெயரே அதன் வாசனை நல்லதல்ல என்பதைச் சொல்லும் பெயர். பிறகு கொய்மலர்ச் சந்தை வந்தது. விமானத்தில் போய்ச் சேர வேண்டும், ஜாடியில் பல நாள் நிற்க வேண்டும், இதழ் தடிப்பாக இருக்க வேண்டும். இந்தத் தேர்வுகளில் மணத்துக்கு மதிப்பெண் இல்லை. யாரும் திட்டமிட்டு மணத்தை ஒழிக்கவில்லை. கேட்பாரற்றுப் போனதால் அது தலைமுறை தலைமுறையாக நழுவியது. மணம் மிகுந்த பூ சீக்கிரம் வாடுகிறது என்பதும் கலப்பாளர்களின் பழைய அனுபவம்.

நம் சமவெளியில் முதல் ரோஜாச் செடி வாங்குகிறவருக்கு என் யோசனை ஒன்றே: பன்னீர் ரோஜா. பெங்களூர் ரோஜா என்ற பெயரில் வரும் கண்ணைப் பறிக்கும் ஒட்டுச்செடிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பன்னீர் ரோஜாவை ஒட்டுக் கட்ட வேண்டியதில்லை, குச்சியிலேயே வேர் பிடிக்கும். பூத்து முடித்த, பென்சில் தடிமனுள்ள தண்டில் மூன்று நான்கு கணு வருமாறு வெட்டி, இலைகளை அகற்றி, ஈரமான மணலும் தேங்காய் நார்க் கழிவும் கலந்ததில் பாதி புதையுமாறு ஊன்றி நிழலில் வைத்தால் ஒன்றரை மாதத்தில் துளிர்க்கும். பதியன் போட்டால் இன்னும் நிச்சயம். சொந்த வேரில் நிற்பதால், கீழிருந்து என்ன கிளம்பினாலும் அது பன்னீர் ரோஜாதான். ஒட்டுச்செடியில் அப்படி இல்லை. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வேகமாக ஒரு தண்டு கிளம்பும். இலைக்காம்பில் பெரும்பாலும் ஏழு சிற்றிலைகள் இருக்கும், பார்க்கச் செழிப்பாக இருக்கும். அதை விட்டுவைத்தால் மேலே கட்டிய ரகம் மெல்லச் செத்து, அடுத்த வருடம் "எங்க ரோஜா காட்டு ரோஜாவா மாறிடுச்சு" என்று சொல்ல வேண்டியிருக்கும். மாறவில்லை, கீழே இருந்த செடி மேலே வந்துவிட்டது. அந்தத் தண்டைக் கண்டதும் அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். ஒட்டுப் பகுதி எப்போதும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

ஒட்டுச்செடியில் மணம் வேண்டுபவர்கள் 'டபுள் டிலைட்', 'பாப்பா மெய்யான்', 'கிரிம்ஸன் குளோரி', 'ஃபிராகிரன்ட் கிளவுட்' என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். இந்திய ரகங்களில் புதுடெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட இளஞ்சிவப்பு 'மிருணாளினி' மணமுள்ளது. கோதுமை மரபியலில் புகழ்பெற்ற பி.பி. பால், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர், ஓய்வு நேரமெல்லாம் ரோஜாக் கலப்பில் செலவழித்தவர். கொடைக்கானலைச் சேர்ந்த வீரராகவன்–கிரிஜா வீரராகவன் தம்பதி செய்தது இன்னும் அடிப்படையான வேலை. ஐரோப்பியக் குளிருக்குப் பிறந்த ரோஜாக்களை நம் வெயிலில் வதைப்பதற்குப் பதில், கங்கைச் சமவெளிச் சதுப்புகளில் வளரும் 'கிளினோஃபில்லா', வடகிழக்கு மலைகளின் 'ஜைஜான்டியா' ஆகிய இந்தியக் காட்டு ரோஜாக்களைப் பெற்றோராக்கி வெப்பநாட்டு ரோஜாக்களை உருவாக்கினார்கள். தாவரவியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாள் பெயரிலும் ஒரு ரோஜாவைப் படைத்தார்கள். தமிழ்நாட்டு மலைகளிலும் ஒரு காட்டு ரோஜா இருக்கிறது: பழனி மலை, நீலகிரிச் சோலைகளில் படரும் வெள்ளைப் பூ. புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோவின் பெயர் அதற்கு. ஊட்டி ரோஜாப் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கான ரகங்களைப் பார்க்கிறார்கள்; இந்த ஐந்திதழ்ப் பூவைத் தேடுபவர் குறைவு.

ஆனால் பெயர்ப் பலகையை நம்பாதீர்கள். நர்சரிகளில் பெயர் மாறுவது சகஜம். பூவோடு இருக்கும் செடியை, காலை எட்டு மணிக்குள் போய், பாதி விரிந்த பூவில் மூக்கை வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். மணம் உச்சத்தில் இருப்பது மொட்டவிழும் கட்டத்தில். முழுக்க விரிந்து மகரந்தம் கருத்துப்போன பூவை மோந்துவிட்டு "மணமில்லை" என்று தீர்ப்பளித்தால் அது செடிக்கு அநியாயம்.

செடி வீட்டுக்கு வந்துவிட்டது. இனி வெயில். ஒரு நாளில் ஆறு மணி நேர நேரடி வெயில் ரோஜாவுக்குக் குறைந்தபட்சம். அதில் காலை வெயில் இருந்தே ஆக வேண்டும். வாசனைப் பொருள்கள் எல்லாம் கார்பன் செலவில் செய்பவை, கார்பன் வருவது ஒளிச்சேர்க்கையில். மேற்குப் பார்த்த பால்கனியில் மதியத்துக்குமேல் அடிக்கும் வெயில் இலையைக் கருக்குமே தவிர அதே பலனைத் தராது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியில் மதியத்துக்கு மட்டும் பச்சை வலை கட்டலாம். கறுப்பு நிற குரோ பேக், வெயிலில் வேரை வேகவைத்துவிடும். மண் தொட்டியின் சுவர் வழியே நீர் ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. செம்மண், மக்கிய தொழு உரம், மணல் அல்லது தேங்காய் நார்க் கழிவு, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. இதற்கு மேல் கலவை ரகசியம் எதுவும் கிடையாது.

தண்ணீர்தான் சங்கடம். சென்னையிலும் தமிழகத்தின் பல ஊர்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது; அதில் பைகார்பனேட் உப்புகள் அதிகம். ரோஜாவுக்குப் பிடித்தது கார அமில அளவு (pH) 6 முதல் 6.5 வரையிலான லேசான அமில மண். உப்புத் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றும்போது தொட்டி மண் காரமாகிக்கொண்டே போகும். காரம் ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. அடையாளம் தெளிவானது: நுனியில் புதிதாக வரும் இலைகள் வெளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் பலரும் சத்துக் குறைவு என்று முடிவுகட்டி மேலும் உரம் கொட்டுகிறார்கள். அதனால் உப்புத்தான் ஏறும். கீலேட் வடிவ இரும்பை இலையில் தெளித்தால் விரைவில் தேறும். நிரந்தரத் தீர்வு தண்ணீரை மாற்றுவது. மழை நீரைப் பிடித்து வைக்கலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பே இல்லை, தாராளமாக ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரைச் சிக்கனம் என்று நினைத்துச் செடிக்கு ஊற்றுவது மட்டும் வேண்டாம். குழாய் நீரின் உப்பெல்லாம் செறிவாகச் சேர்ந்திருப்பது அதில்தான்.

உரம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை மக்கிய உரம், புளிக்க வைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் போதும். தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுத்து அசுவினி மொய்க்கும், பூ குறையும். முட்டை ஓட்டைப் போட்டால் கால்சியம் கிடைக்கும் என்பார்கள். பொடிக்காமல் போட்ட ஓடு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். கடின நீர் ஊற்றும் வீட்டில் கால்சியத்துக்குப் பஞ்சமும் இல்லை.

கவாத்து பலருக்குப் பயம். பூத்து முடித்த தண்டை அப்படியே விட்டால் செடி காயாக்கப் பார்க்கும். நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழுள்ள கணுக்களை உறங்கவைத்திருக்கிறது. நுனியை வெட்டியதும் தடை நீங்கிக் கணு விழிக்கிறது. எனவே வாடிய பூவை மட்டும் கிள்ளாமல், கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் நல்ல இலைவரை இறங்கி, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும். ஏறத்தாழ 45 நாளில் அங்கே அடுத்த பூ. வருடத்துக்கு ஒருமுறை செய்யும் பெரிய கவாத்தைக் கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழி பிறக்கும் சமயத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அடைமழையில் வெட்டினால் வெட்டுவாய் வழியே பூஞ்சை இறங்கி, தண்டு நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். அப்படிக் கருகினால், உள்தண்டு வெள்ளையாகத் தெரியும் இடம்வரை வெட்டி எறிய வேண்டும். தாமதித்தால் செடியே போய்விடும்.

கரும்புள்ளி, சாம்பல் நோய் இரண்டும் பூஞ்சைதான், ஆனால் குணம் எதிரெதிர். கரும்புள்ளியின் வித்து முளைக்க இலை குறைந்தது ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். ஆகவே மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிப்பது அதற்கு அழைப்பிதழ். சாம்பல் நோய்க்கு நனைந்த இலை பிடிக்காது; பகலில் வறட்சி, இரவில் குளிரும் ஈரப்பதமும் என்றால் கொண்டாட்டம். அது தை மாசியில் வரும், கரும்புள்ளி ஐப்பசி கார்த்திகையில். செஞ்சிலந்தி கோடையில், இலையின் அடிப்பக்கத்தில். காலையில் அடிப்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி போய்விடும். இலைப்பேன் மொட்டுக்குள் புகுந்து இதழ் ஓரத்தைப் பழுப்பாக்கும். அதற்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து வெயில் தாழ்ந்தபின் அடிக்கலாம். விரிந்த பூமேல் வேண்டாம். தேனீக்கும் தொல்லை, மணத்துக்காக வளர்க்கும் பூவில் வேப்பெண்ணெய் நாற்றமும் நமக்கு எதற்கு?

மணம் எப்போது? பல்கேரியாவில் விடியற்காலையில் பறிக்கத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறார்கள். சூடு ஏற ஏற வாசனைப் பொருள்கள் ஆவியாகிக் காற்றோடு போகின்றன, பூவில் மிஞ்சும் எண்ணெய் குறைகிறது. நமக்கும் இதுவே கணக்கு. காற்று அடங்கிய, ஈரப்பதமுள்ள, மிதமான வெயில் வந்த காலையில் பூ மிக நன்றாக மணக்கும். கத்திரி வெயில் காலத்தில் பூ சிறுத்து, மதியத்துக்குள் மணமிழந்து நிற்பதைக் கண்டு செடிக்கு நோய் என்று எண்ண வேண்டியதில்லை. பலத்த காற்றடிக்கும் எட்டாவது மாடிப் பால்கனியைவிட, மூன்று பக்கம் சுவர் உள்ள முற்றத்தில் அதே செடி அதிகமாக மணப்பதுபோல் தோன்றும். செடி வெளிவிடும் அளவு அதேதான். காற்றில் கலைந்துபோகும் அளவுதான் வேறு.

ஒரே பூவை வீட்டில் ஒருவர் ஆகா என்பார், இன்னொருவர் உதட்டைப் பிதுக்குவார். இதற்கும் மரபணு உண்டு. ரோஜாவின் சேர்மங்களில் பீட்டா அயனோன் என்று ஒன்று. அதை உணரும் திறனை ஒரேயொரு வாசனை ஏற்பியின் மரபணு பெருமளவு தீர்மானிக்கிறது என்று 2013-ல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு வடிவம் உள்ளவர்களுக்கு அது இனிய பூமணம். மற்றவர்களுக்கு மிக மங்கலாக, அல்லது புளித்த வாடையாகத் தெரியும். மேலும் எந்த வாசனைக்கும் மூக்கு சில நிமிடங்களில் பழகி மரத்துப்போகிறது. நர்சரியில் நாலைந்து செடி மோந்ததும் ஒரு நடை நடந்துவிட்டு வந்து தொடர்வது நல்லது. கூடவே வேறொரு மூக்கையும் அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

பூ மிகுந்தால் குல்கந்து போடலாம். காலையில் பறித்த பன்னீர் ரோஜா இதழ்களை அடுக்கடுக்காகச் சர்க்கரையோடு கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி மூன்று வாரம் வெயிலில் வைத்தால், சர்க்கரை இதழின் நீரை இழுத்து அதிலேயே கரைந்து கெட்டிப்படும். அந்தச் சர்க்கரைச் செறிவில் கிருமி வளராது. வீட்டில் பன்னீர் தயாரிப்பவர்கள் இதழைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிடுகிறார்கள். மணமெல்லாம் சமையலறைக்குப் போய்விடும். மூடியைக் கவிழ்த்து மூடி, மேலே ஐஸ் கட்டி வைத்து, உள்ளே நடுவில் ஒரு கிண்ணத்தில் வழிந்து சொட்டுவதைப் பிடித்தால் அது பன்னீர். இரண்டுக்கும் பூங்கொத்து ரோஜா ஆகாது. மணமில்லை என்பது ஒருபுறம், அவை உண்பதற்கென்று வளர்த்தவை அல்ல. அடித்த மருந்து எது, எப்போது அடித்தது என்று கேட்டு அறிய வழியில்லை. சொந்தத் தொட்டியில் என்றால், வேப்பெண்ணெய் அடித்த வாரத்துப் பூவைச் சாமிக்கு வைத்துவிட்டு, அடுத்த சுற்றுப் பூவைப் பாட்டிலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.